கிட்டமா, தூரமா

உக்காருங்க அண்ணாச்சி, அங்க யாரும் இல்ல. பையத்தான் வெச்சிருந்தேன், எடுத்து மடியில வெச்சுக்கிடுதேன். கண்ணு காட்டுறது உங்களுக்கா, கூட வந்தவங்களுக்கா? மதினிக்கா. சரி சரி. சொட்டு மருந்து ஊத்தி உள்ள உக்கார வெச்சிருப்பாவ. கண்ணுமணி விரிஞ்சு வர நேரமாகும். அவசரப்படாதிய. கண்ணு விஷயத்துல அவசரப்பட்டா வேலைக்கு ஆகாது. அனுபவப்பட்டவன் சொல்லுதேன்.

எம் பொஞ்சாதியும் உள்ளதான் இருக்கா. கண்ண அளக்கக் கூட்டிட்டுப் போயிருக்காவ. சிரிக்காதிய, கண்ண அளக்கத்தான். எனக்கும் மொத தடவ கேக்கும்போது வேடிக்கையாத்தான் இருந்துச்சு. புரைய எடுத்துட்டு உள்ள ஒரு லென்ஸ் வைக்காவல்லா, அதுக்கு என்ன பவருன்னு எப்படித் தெரியும்? கண்ணு முன்பக்கத்துல இருந்து பின்பக்கம் வரைக்கும் எவ்வளவு நீளம்னு அளந்து, அதை வெச்சுத்தான் கணக்குப் போடுவாவ. சட்டைக்கு நெஞ்சளவு எடுக்கோம்லா, அப்படின்னு வெச்சுக்கிடுங்க. நான் டெய்லரு. பாவூர்சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்புல கடை. வேலாயுதம் டெய்லர்னு கேட்டா யாரும் கைகாட்டுவாவ. ஜென்ட்ஸ் மட்டுந்தான்.

அதனாலதான் அண்ணாச்சி எனக்கு மனசு ஆறவே மாட்டேங்கு. அளவுங்கது எந் தொழிலு. எங்க போயி எம் பொஞ்சாதிக்கு அளவுல கோளாறு பண்ணி வெச்சிருக்காவ பாருங்க. இந்த ஆஸ்பத்திரி இல்ல, இது வேற. அதோட பேரச் சொல்ல மாட்டேன். சொல்லி என்ன ஆகப்போகுது.

இவ பேரு ஆவுடையம்மா. கட்டும்போதே கண்ணாடிதான். சாதாரணக் கண்ணாடின்னு நெனச்சுராதிய, சோடா பாட்டில் அடி மாதிரி இருக்கும். அதுக்குள்ள ரெண்டு கண்ணும் கடுகு தண்டிக்குத் தெரியும். நாங்க பொண்ணு பாக்கப் போனப்ப அவ வீட்டுல கண்ணாடியக் கழட்டி ஒளிச்சு வெச்சுட்டாவ. எங்க அம்மைக்குக் குடுக்க வேண்டிய காப்பியக் கொண்டுபோயி எங்க சித்திக்குக் குடுத்தா. பிள்ளைக்கு வெக்கம் போலுக்குன்னு நெனச்சோம். தாலி கட்டி மறுநாத்தான் டிரங்குப் பெட்டியில இருந்து கண்ணாடி வெளிய வருது. எங்க அம்மை ஒரு மாசம் அவ அப்பா கூடப் பேசல. நான் ஒரு வார்த்தை சொல்லல. அது எங் குணம். இன்னைய வரைக்கும் அதைச் சொல்லிக் காமிச்சது கெடையாது. எப்பவாவது கோவத்துல வாயில வந்திருக்கும், அது வேற விஷயம்.

ஆனா ஒண்ணு அண்ணாச்சி. தூரத்துல யானை நின்னாலும் தெரியாது, கிட்டத்துல பேன் முட்டை கூடத் தப்பாது. கண்ணாடியக் கழட்டிட்டு மூக்குக்கு நேரா கொண்டு போனான்னா நூலு பிரி பிரியாத் தெரியும் அவளுக்கு. எங் கடைச் சட்டை அத்தனைக்கும் காஜா அவதான் போடுவா. காஜான்னா தெரியும்லா, பட்டன் நுழையக் கிழிச்ச இடத்துல பிசிறு வராம சுத்தி நூல் கட்டுறது. கைக்காஜா. வீட்டு வேலைய முடிச்சுட்டு சன்னல் பக்கம் உக்காந்து சட்டைய மூஞ்சியோட ஒட்டி வெச்சுக்கிடுவா. பாத்தா துணிய மோந்துக்கிட்டு இருக்கான்னுதான் நெனைப்பிய. தென்காசியில ஒரு வக்கீலு, அந்தக் காஜாவுக்காகவே எங்கிட்ட தைக்க வருவாரு. சட்டைய விரிச்சு வெச்சுக்கிட்டு, 'வேலாயுதம், இது மாதிரி எங்கயும் பாத்தது இல்லப்பா'ம்பாரு. வீட்டுல போட்டதுன்னு நான் சொல்லிக்கிடதில்ல. எதுக்குச் சொல்லணும்? கடைச் சட்டைன்னா கடைக்குத்தான் பேரு.

இந்த மாதிரி நீளக் கண்ணுக்குப் புரை சீக்கிரமே வந்துருமாம். அம்பது ஆகல, வலது கண்ணு வெள்ளையாப் போச்சு. 'இடது கண்ணு இருக்கு, அதை வெச்சு ஓட்டிக்கிடுதேன், இப்ப ஆபரேசன் வேண்டாம்'னா. நாந்தான் விடல. பொஞ்சாதி கண்ணு அண்ணாச்சி, எப்படி விட முடியும்? அதுவும் போக அப்ப எம் மகளுக்கு மாப்பிள்ளை பாத்துக்கிட்டிருந்தோம். பொன்செல்வின்னு பேரு. அவளுக்கும் கண்ணாடி உண்டும், அம்மை அளவுக்கு இல்ல. அவளுக்குக் கண்ணுல ஒட்டுற லென்ஸ் வாங்கிக் குடுத்துட்டேன், வெளிய தெரியாது. ஆனா வாசல்ல வந்து வாங்கன்னு கேக்கிற அம்மை மூஞ்சியில இம்மாந் தண்டிக் கண்ணாடி இருந்தா வாரவன் என்ன நெனைப்பான்? பிள்ளைக்கும் நாளைக்கு இதுதானன்னு நெனைப்பானா மாட்டானா? ஆபரேசன் பண்ணிட்டா கண்ணாடி போயிரும்னு எல்லாரும் சொன்னாவ. நல்லதாப் போச்சுன்னு கூட்டிட்டுப் போனேன்.

மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வெள்ளிக்கிழமை வாறதாப் பேச்சு. நாங்க போனது திங்கக்கிழமை. அளந்து முடிச்சா மறுநாளே ஆபரேசன், அதுக்கு மறுநாள் கட்டு பிரிச்சிரலாம்னுட்டாவ. நான் மனசுக்குள்ள கணக்குப் போட்டேன். சரியா வந்துச்சு.

அளக்கிற பொண்ணு சின்னப் பிள்ளை. மொதல்ல ஒரு மெஷின்ல நாடிய வெச்சு வெளிச்சத்தப் பாருங்கன்னா. புரை முத்திப்போச்சு, வெளிச்சம் உள்ள போக மாட்டேங்கு, மெஷினு அளவே காட்டல. பெறகு மரத்துப்போற மருந்த விட்டு, பேனா மாதிரி ஒரு சாமானத்தக் கண்ணு மேலயே தொட்டுத் தொட்டு எடுக்கா. ஒரு தடவ வந்த அளவு அடுத்த தடவ வர மாட்டேங்கு. நமக்கெல்லாம் கண்ணு இருபத்திமூணு மில்லிமீட்டராம். இவளுக்கு முப்பத்தொண்ணுன்னு வருது. மறுபடி தொட்டா முப்பத்திரெண்டரைங்கு. மறுபடி முப்பத்தொண்ணு. அந்தப் பிள்ளை உதட்டக் கடிச்சுக்கிட்டு நிக்கா.

'அய்யா, அம்மாவுக்குக் கண்ணு ரொம்ப நீளம். பின்பக்கத்துச் சுவர் மெலிஞ்சு வெளிய தள்ளிக் குழியாட்டம் இருக்கு. பார்வை விழுற இடம் குழியோட சரிவுல இருக்கு. மெஷின் ஒரு நேரம் அதை அளக்கு, ஒரு நேரம் குழியோட அடிய அளக்கு. எது எதுன்னு என்னால சொல்ல முடியல. வியாழக்கிழமை ஸ்கேன் டாக்டர் வருவாங்க. கண்ணுக்குள்ள படம் எடுத்து, எந்த இடம்னு பாத்து அளந்து தருவாங்க. வியாழக்கிழமை வந்துருங்க'ங்கா.

வியாழக்கிழமை அளந்து, நான் என்னைக்கு ஆபரேசன் பண்ணி, என்னைக்குக் கட்டுப் பிரிச்சு? நான் பொறுமையாத்தான் சொன்னேன். 'எம்மா, நானும் அளவெடுத்துப் பொழைக்கிறவந்தான். ஒருத்தன் மூச்ச இழுத்தா ஒரு அளவு, விட்டா ஒரு அளவு. அதுக்காக வியாழக்கிழமை வான்னு சொல்லுவனா? கூடுதலா வந்த அளவப் போடு. துணி கூடக் கெடந்தா பிடிச்சு விட்டுக்கிடலாம். கம்மியாப் போனாத்தான் ஒண்ணும் பண்ண முடியாது'ன்னேன். எந் தொழில்ல நான் கத்தது அது. அந்தப் பிள்ளை இன்னொரு தடவ தொட்டுப் பாத்தா. முப்பத்திரெண்டரை. பாத்தியா, அதேதான் வருதுன்னேன். வெளிய கூட்டம் வேற நெரிக்கு. எழுதிட்டா.

இப்ப நீங்களே சொல்லுங்க அண்ணாச்சி, ஒரு தொழில்காரிக்கு இது அழகா? எங் கடையில அளவுல சந்தேகம்னா நான் துணியில கத்தரி வைக்க மாட்டேன். கலெக்டரே வந்து நின்னாலும் சரி. நாளைக்கு வாங்க, மறுபடி எடுக்கணும்பேன். கல்யாணத்துக்கு வேணும், அவசரம்னு குதிப்பானுவ. வேற கடையப் பாருன்னுருவேன். தொழில்னா அந்தத் திடம் வேணும். நான் சொன்னேன், சரி, ஒரு அவசரத்துல சொல்லத்தான் செய்வேன். நான் சொன்னா எழுதிரதா?

டாக்டரும் நல்ல மனுசன்னுதான் நெனச்சேன். இவளப் பாத்து, 'கிட்ட வெச்சுப் பாக்கிற வேலை ஏதும் செய்வீங்களாம்மா? அப்படின்னா கொஞ்சம் கிட்டப்பார்வைய விட்டு வைக்கலாம். உங்க கண்ணு அதுக்குத்தான் பழகுனது'ன்னாரு. இவ மெதுவாத்தான் பேசுவா, வாயத் தொறக்கதுக்குள்ள விடிஞ்சுரும். நாந்தான் சொன்னேன், 'வேலைன்னு ஒண்ணும் கெடையாது சார், வீட்டுல சும்மாதான் இருக்கா. தூரமே வெச்சிருங்க'ன்னு. இவ எம் பக்கமாத் திரும்புனா. புரை விழுந்த கண்ணு, என்னப் பாக்காளா சுவரப் பாக்காளான்னு யாருக்குத் தெரியும். வெளிய வந்து பஸ்ஸுக்கு நிக்கும்போது, 'காஜா தெரியும்லா?'ன்னு மட்டும் கேட்டா. எல்லாந் தெரியும், வாடின்னேன்.

புதன்கிழமை கட்டப் பிரிச்சாவ. டாக்டரு விரலக் காமிச்சு எத்தனைன்னாரு. மூணுன்னு சொல்லிட்டா. எனக்கு உசுரு வந்துச்சு. வீட்டுக்கு வந்து சேலைய மாத்தக் கூட இல்ல, ஊசிய எடுத்தா. மூக்குக்குக் கிட்ட கொண்டு போனா. கொஞ்சம் தள்ளிப் பிடிச்சா. அப்புறம் கைய நீட்டுன மட்டுக்கும் நீட்டிப் பிடிச்சா. அந்தக் கண்ணுக்கு எங்க வெச்சாலும் தெரியலங்கா. 'கையில இருக்கு, கண்ணுல இல்ல'ங்கா. பச்சப் புண்ணு, ரெண்டு நாள்ல சரியாயிரும், சும்மா கெடன்னு சொன்னேன். நல்லதுக்குத்தான சொல்லுதேன்.

வெள்ளிக்கிழமை வந்தாவ. ஆபரேசன் பண்ண கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி போடச் சொல்லியிருந்துச்சு, ஒரு மணி நேரம் கழட்டி வையின்னேன். பட்டுச்சேலை கட்டி, பூ வெச்சு, மூஞ்சியில ஒண்ணும் இல்லாம நின்னா. லட்சணமாத்தான் இருந்தா அண்ணாச்சி, பொய் சொல்லப்படாது. இத்தனை வருசத்துல அவ மூஞ்சிய நான் அப்படிப் பாத்ததே இல்ல. காருல இருந்து மாப்பிள்ளை எறங்குதாரு. அவரு மூஞ்சியில தண்டியா ஒரு கண்ணாடி. பின்னால அவரு அம்மை, அவுகளுக்கும். தங்கச்சிக்கும். 'எங்க வீட்டுல கண்ணாடி போடாத ஆளே கெடையாது, கணக்குப் பாத்தா கண்ணாடிக் கடைக்காரன் எங்க பங்காளி'ன்னு மாப்பிள்ளையோட அப்பா சிரிக்காரு. எல்லாரும் சிரிச்சோம். பொன்செல்வி கூட உள்ள இருந்து சிரிச்சா. இவ மட்டும் சிரிக்கல. யாரு மூஞ்சியும் தெரியலல்லா, என்ன நடக்குன்னு பிடிபட்டிருக்காது.

கல்யாணம் நல்லபடியா முடிஞ்சுது. அதை விடுங்க. கண்ணுக்கு வாரேன். கிட்டமும் இல்ல, தூரமும் இல்ல, எல்லாம் மசங்கலா இருக்குன்னு திரும்பக் கூட்டிட்டுப் போனா, டாக்டரு பாத்துட்டுச் சொல்லுதாரு, நீளத்தக் கூடுதலாக் கணக்குப் பண்ணிட்டாவளாம், அதனால லென்ஸ் பவர் கம்மியாப் போச்சாம். குழியோட அடிய அளந்திருக்கு. சரி, பிரிச்சிட்டு வேற வைங்கன்னேன். அது முடியாதாம். கண்ணு இழுபட்டு மெலிஞ்சு கெடக்காம், மறுபடி கை வெச்சா உள்ள இருக்க திரை கிழிஞ்சு இருக்கறதும் போயிருமாம். துணின்னா பிரிச்சுத் தைக்கலாம். இதுக்கு அந்த வழி இல்லன்னு எனக்கு யாரும் சொல்லலையே.

புதுசாக் கண்ணாடி எழுதிக் குடுத்தாவ. ஆமா அண்ணாச்சி, மறுபடியும் கண்ணாடிதான். எதைக் கழட்டணும்னு போனமோ அது. போட்டுப் பாத்தா ஒரு கண்ணு இம்மாம் பெருசாத் தெரியுது, இன்னொரு கண்ணு பழையபடி கடுகு. அவளுக்கு எல்லாம் ரெட்டை ரெட்டையாத் தெரியுதாம், தலைசுத்தி வாந்தி எடுக்கா. கழட்டிப் போட்டுட்டா. எங்க மேலத்தெருவுல எல்லாரும் கேப்பாவ, ஆபரேசன் பண்ணாவளே, நல்லாத் தெரியுதான்னு. தெரியுதுன்னு சொல்லுன்னு சொல்லி வெச்சிருக்கேன். ஆஸ்பத்திரிக்காரன் பண்ணுன தப்புக்கு நாம எதுக்குத் தலைகுனியணும்?

இடது கண்ண வெச்சு காஜா போட்டுப் பாத்தா. வலது கண்ண ஒரு கையால பொத்திக்கிட்டு எப்படி ஊசி பிடிக்க முடியும்? கைக்குட்டைய அந்தக் கண்ணு மேல ஏத்திக் கட்டிக்கிட்டுப் போட்டா. பாக்க எனக்கே சங்கடமாப் போச்சு. ஒரு காஜா மெஷின் வாங்கிப் போட்டேன். 'இனிமே உனக்குச் சிரமம் வேண்டாம், ஓய்வா இரு'ன்னேன். எந்தப் புருசன் செய்வான், சொல்லுங்க? அவ அந்த மெஷின ஒரு தடவ கையால தடவிப் பாத்தா. அந்த வக்கீலு அதுக்கப்புறம் வரல. மெஷின் காஜா நல்லாத்தான் இருக்கு. அவருக்கு வேற டெய்லர் கெடைச்சிருப்பான்.

ஒரு நா மத்தியானம் சாப்பிட வீட்டுக்குப் போறேன், இவ சன்னல் பக்கம் உக்காந்து வெறுந் துணியில காஜா போட்டுக்கிட்டு இருக்கா. கட்டிங்ல மிஞ்சுன துண்டு. சட்டையும் இல்ல, பட்டனும் இல்ல. வரிசையாக் காஜா. எதுக்குட்டி இதுன்னேன். 'தெரியுதான்னு பாக்கேன்'ங்கா. தெனமும் ஒண்ணு போடுவா. அந்தத் துணிய வாங்கிப் பாத்தேன் அண்ணாச்சி. மொத வரிசை அப்படியே அவ பழைய காஜாதான். கீழ வர வர நூலு விலகுது. அதுக்கும் கீழ கிழிசல் ஒரு பக்கம், தையல் ஒரு பக்கம். இடது கண்ணும் வெள்ளையாகுதுன்னு அதைப் பாத்துத்தான் எனக்கே தெரிஞ்சுது. அவ வாயத் தொறந்து சொல்லவே இல்ல.

முன்னயெல்லாம் ஒண்ணு ரெண்டு எதுத்துப் பேசுவா. இப்ப கெடையாது. கேட்டதுக்குப் பதில், அவ்வளவுதான். வயசாகுதுல்லா, பக்குவம் வந்துருச்சுன்னு நெனைக்கேன். மக வந்து, 'அம்மை ஏன்ப்பா இப்படி ஆயிட்டா'ன்னு அழுதா. மாசமா இருக்கவ அழப்படாதுன்னு சத்தம் போட்டு அனுப்பி வெச்சேன்.

இந்த ஆஸ்பத்திரி டாக்டரு அம்மா ஒளிக்காமச் சொல்லிட்டாவ. வலதுக்கு இனி செய்ய ஒண்ணும் இல்ல. இடதுலயும் உள்திரை தேஞ்சு கெடக்கு, பழைய பார்வை வரும்னு எதிர்பாக்காதிய, மிச்சம் இருக்கது இந்த ஒரு கண்ணுதான், இதுல அளவு தப்பவே கூடாதுன்னாவ. இங்க படம் எடுத்து அளக்க மெஷின் இருக்கு. நான் உள்ள நின்னு அந்தப் பொண்ணுட்ட, அழுத்தாத, குழிய அளந்துராத, ரெண்டு தடவ பாருன்னு விவரமாச் சொல்லிக்கிட்டுத்தான் இருந்தேன். 'அய்யா நீங்க வெளிய உக்காருங்க'ன்னுட்டா. நல்லதுக்குக் காலம் இல்ல. ஆனா ஒண்ணு, இங்க நிதானமா அளக்காவ. அந்த ஆஸ்பத்திரிப் பிள்ளையும் இப்படி அளந்திருந்தா எங்களுக்கு இந்தக் கெதி வந்திருக்குமா?

இந்தா நர்ஸ் வருது. ஆமாம்மா, ஆவுடையம்மா கூட வந்தவன் நாந்தான். அளவு வந்துருச்சா? சரியா வந்துருச்சா. எத்தனை தடவ பாத்திய? சரி. பெறகு என்ன?

கிட்டமா தூரமான்னு டாக்டரம்மா கேக்காவளா. நான் வாரேன். என்ன, அவகிட்டயே கேட்டுட்டாவளா? அவ என்ன சொன்னா?

'அவ்வோட்ட கேட்டுக்கிடுங்க'ன்னுட்டாளா.

பாத்தியளா அண்ணாச்சி. இவ்வளவுக்கப்புறமும் என்னையத்தான் கேக்கச் சொல்லுதா. டாக்டரம்மா ரெண்டாந்தடவ, கண்ணு உங்களுதுதானம்மா, நீங்க சொல்லுங்கன்னாவளாம். அதுக்கும் அதே பதில்தானாம். வேற எந்தப் பொம்பள இருப்பா இப்படி? நாந்தான் அவளுக்கு எல்லாம். அது எனக்குத் தெரியும்.

இருங்க, சொல்லிட்டு வந்துருதேன். என்ன சொல்லுதிய? கிட்டமா? இல்ல அண்ணாச்சி, உங்களுக்கு விவரம் தெரியாது. காஜாவுக்குத்தான் மெஷின் வந்துருச்சே. கிட்டத்துல பாக்க அவளுக்கு இனி என்ன இருக்கு? தூரம்தான். நாளைக்கு மகளும் பேரப்பிள்ளையும் தெருவுல வந்தா தெரியட்டும்.

இந்தப் பைய மட்டும் செத்த பிடிச்சுக்கிடுங்க. கீழ வெச்சுராதிய, கேப்பா. கனம் ஒண்ணும் இல்ல, அந்தத் துணியுந்தான் உள்ள இருக்கு. எங்க போனாலும் தூக்கிக்கிட்டு வாரா. பாத்துப் பிடிங்க, ஊசி அதுலயே குத்தியிருக்கும்.